இடுப்பளவு முப்பத்தாறு

பிப்ரவரி 3, திங்கள்

சுடுதளத்திலிருந்து 9.40க்குத் திரும்பினேன். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன். பதிவேட்டில் எழுதியிருப்பது நடந்ததில் பாதிதான்.

மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் முதல் சுற்று. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். பதினைந்து கெஜத்தில் இலக்கு. விசில் ஊதியதும் இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி ஆறு நொடிக்குள் மூன்று குண்டு சுட வேண்டும். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலை.

விசில் கேட்டதும் உருவினேன். துப்பாக்கி வரவில்லை, உறைதான் வந்தது. உறையோடு பெல்ட்டும் விலா எலும்பு வரை ஏறியது. இன்னொரு இழு இழுத்தபோது துப்பாக்கி சட்டென்று விடுபட்டு, குழல்முனை என் இடது முழங்கையைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவர்களை நோக்கித் திரும்பியது. விரல் விசையில் இல்லை. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். விரல் விசையில் இல்லை.

ஆர்.ஐ. அருமைநாயகம் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எங்கள் ஆயுதப்படைக்கு அவர்தான் ஆய்வாளர். துப்பாக்கியைக் காலி செய்து வாங்கிக்கொண்டு, ஆயுதப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் எழுதினார்: ‘உதவி ஆய்வாளர் செண்பகவடிவு. கை நடுக்கம். பாதுகாப்பற்ற கையாளுகை. மறுதேர்வில் தேறும் வரை ஆயுதம் வழங்க வேண்டாம்.’

கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்.

“என்னம்மா எழுதுற?”

“காரணம் சார்.”

“காரணத்தைத்தான் நான் எழுதிட்டனே.”

“நீங்க எழுதுனது நீங்க பாத்தது. காரணம் பெல்ட்டு.”

அவர் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். வெள்ளை மை பூசிய ஏட்டு ஒருவர் சம்பள உயர்வை இழந்திருக்கிறார். ஆக அந்த ‘கை நடுக்கம்’ நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருக்கும். என் ‘காரணம்: பெல்ட்’டும் இருக்கும்.

மறுதேர்வுக்கு அறுபது நாள் தவணை, ஏப்ரல் 4 வரை. மார்ச் 17 இரண்டாம் சுற்றுக்கு முன் தேறினால் போட்டியிலும் தொடரலாம். ஏப்ரல் 4க்குள்ளும் தேறாவிட்டால் ஆயுதத் தகுதி போய்விடும். பிறகு கேன்டீன் ஸ்டோரில் பருப்பு எண்ணெய்க்குக் காவல்.

ஆயுதக் கிடங்கு லூர்துராஜ் ஏட்டு என் துப்பாக்கியை உள்ளே வைத்தபடி கேட்டார். “காலைல சாப்பிட்டீங்களாம்மா?”

“எட்டு இட்லி.”

“எட்டா!”

இவருக்கு எதற்கெடுத்தாலும் ஆச்சரியம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெல்ட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். 2012இல் கொடுத்தது. பழுப்புத் தோல், ஐந்து ஓட்டை. மூன்றாவது ஓட்டை நீண்டு முட்டை வடிவமாகிவிட்டது. பத்து வருடம் அதில்தான் கொக்கி இருந்தது. ஐந்தாவதைப் போன தீபாவளிக்கு முன்னால் பிடித்தேன். ஆறாவதை ஆணி வைத்து நானே போட்டேன், பொங்கலுக்கு அடுத்த நாள்.

தோல் நாள்பட்டால் நீளும். பதின்மூன்று வருடம் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்தது நீளாமல் என்ன செய்யும்? செருப்பு வாரும் இப்படித்தான்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் பரமகுரு, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பம் ஏறுபவர்களின் பாதுகாப்பு பெல்ட்டை வாராவாரம் இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருக்கு உத்தியோகம். என் பெல்ட்டை எடுத்து இரண்டு முறை இழுத்தார்.

“தோலு நல்லாத்தாம்ட்டி இருக்கு.”

“நீளமா இருக்குல்லா?”

“நீளம் சரி. நீளுனதா தெரியல.”

கம்பத்தைப் பற்றித் தெரிந்தது போதும், என் பெல்ட்டை விடுங்கள் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மூன்று நாளாக இணையத்தில் தேடியதில் எனக்குப் புரிந்தது இது.

வெளியூர்ப் போட்டிகளில் சுடுபவர்கள் ஒற்றை பெல்ட் கட்டுவதில்லை. இரண்டு அடுக்கு. உள்பெல்ட் மெல்லிசு, கால்சட்டை வளையங்களுக்குள் நுழைத்துக் கட்டுவது. அதன் வெளிப்பக்கம் மெத்தென்று பஞ்சு மாதிரி. வெளிபெல்ட் விறைப்பு, கையில் நீட்டிப் பிடித்தால் வளையாது. அதன் உள்பக்கம் முழுக்க முரட்டு ஒட்டுநாடா. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். உறையும் தோட்டா மேகசின் பைகளும் வெளிபெல்ட்டிலேயே இருக்கும். கழற்றும்போது கர்ரென்று மொத்தமாக உரித்துத் தொங்கவிடலாம். மறுநாள் அதே இடத்தில் ஒட்டலாம். முக்கியமானது, உருவும்போது மேலே ஏறாது. ஏற வேண்டுமானால் கால்சட்டையும் சேர்ந்துதான் ஏற வேண்டும்.

கடையில் நாலைந்து வகை. அகலம் இரண்டு அங்குலம் என்றால் நம் வளையத்தில் நுழையாது. வெளிநாட்டுச் சரக்கின் கொக்கி அழகு, ஆனால் வியர்வையில் ஒட்டுநாடா விடுகிறதென்று வாங்கியவர் ஒருவர் புலம்பியிருக்கிறார். பிளாஸ்டிக் கொக்கி வேண்டாம். இரும்புக் கொக்கி, ஒன்றரை அங்குல உள்பெல்ட், ஒன்றே முக்கால் அங்குல வெளிபெல்ட், நடுவில் விறைப்புப் பட்டை. இதுதான் வேண்டும்.

திருப்பூரில் நாச்சிமுத்து என்பவர் மலையேறுபவர்களுக்கும் நாய்ப் பயிற்சிக்காரர்களுக்கும் நாடா தைத்துத் தருகிறார். சொன்ன அளவுக்குச் செய்கிறாராம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

11 மணிக்கு நாச்சிமுத்துவிடம் பேசினேன்.

“சொல்லுங்க அம்மணி. இடுப்பளவு எவ்வளவுங்க?”

“முப்பத்தாறு.”

“அளந்ததுங்களா, சொல்றதுங்களா?”

“அப்படின்னா?”

“ஏனுங்க, எல்லாரும் பேன்ட் சைசைச் சொல்லிப்போடறாங்க. எனக்கு அது ஆகாதுங்க. பேன்ட்டைப் போட்டு, வளையத்து மேல நாடாவைச் சுத்தி அளந்து சொல்லோணும். வெளிபெல்ட்டுக்கு ஓட்டை கிடையாதுங்க. இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம், அவ்வளவுதான் கூட்டிக் குறைக்கலாம்.”

“அளந்ததுதான்,” என்றேன்.

பொய்யில்லை. சீருடை ஸ்டோர் அட்டையில் என் பெயருக்கு நேரே முப்பத்தாறு என்றுதான் இருக்கிறது. யாரோ ஒரு நாள் அளந்துதானே எழுதியிருப்பார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

கிடங்கில் கவாத்துப் பயிற்சிக்கு வைத்திருக்கும் மரத் துப்பாக்கியை லூர்துராஜ் ஏட்டிடம் கேட்டு வாங்கி வந்தேன். 870 கிராம், சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். காலையில் நாற்பது தடவை உருவிப் பழகினேன். முப்பதுக்கு மேல் தோளில் பலம் இல்லை. மூச்சு வாங்கியது. பயிற்சி விட்டுப்போனால் அப்படித்தான்.

காபித் தம்ளர் மேசையில் கிடுகிடுத்தது. மேசைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து வைத்தேன்.

இந்த வருடம் பிப்ரவரியிலேயே தீப்பிடிக்கிறது. ஃபேனை ஐந்தில் வைத்தேன். இவர் போர்வைக்குள் இருந்தபடி, “எனக்கு மட்டும் மார்கழியா ஓடுது?” என்கிறார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேசை இன்னும் ஆடுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

சொந்த பெல்ட் கட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்தேன். ஆர்.ஐ. நிற்க வைத்தே படித்தார்.

“பெல்ட்ல ரெண்டு அடுக்கா? டிபன் கேரியர் மாதிரியா?”

பக்கத்து மேசையில் எழுத்தர் சிரித்தார்.

“ஆமா சார். ஆனா டிபன் கேரியரை இழுத்தா ஒரு அடுக்கு மட்டும் தனியா வராது.”

“யூனிபார்ம் பெல்ட்டைத் தவிர வேற எதுக்கும் நான் அனுமதி தர முடியாதும்மா.”

போட்டி விதிமுறைப் பிரதியை மேசையில் வைத்தேன். நான்காம் பக்கம், இரண்டாம் பத்தியில் கோடு போட்டிருந்தேன். ‘உறை சுடுபவரின் இடுப்பில் அசையாது பொருந்தியிருக்க வேண்டும்.’ அவ்வளவுதான். என்ன பெல்ட் என்று ஒரு சொல் இல்லை. கொடுத்த பெல்ட்டில் உறை அசைகிறது என்பதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகவே கொடுத்த பெல்ட்தான் விதிமீறல் என்றேன்.

அவர் தாளை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா? முகமே வத்திப்போச்சே.”

பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். மனுவின் ஓரத்தில் ‘மறுதேர்வுக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 17, திங்கள்

பார்சல் மாலை 4.15க்கு வந்தது. தையல் அருமை. இரும்புக் கொக்கி, கறுப்பு நாடா, ஒரு நூல் பிசிறு இல்லை. உள்பெல்ட்டை நுழைத்து, வெளிபெல்ட்டைச் சுற்றிக் கொக்கியைப் போட்டேன்.

நின்றது, வயிற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழங்கை போகிற இடைவெளியோடு. இரண்டு பக்கமும் கடைசி வரை இழுத்துச் சுருக்கிவிட்டேன். அப்படியும் உறை பின்பக்கம் போய்த் தொங்கியது.

4.40க்கு நாச்சிமுத்துவை அழைத்தேன். அளவு தெரியாமல் ஏன் கடை வைத்திருக்கிறீர்கள், முப்பத்தாறு என்றால் நாற்பத்தொன்று அனுப்புகிறீர்கள், போலீஸ்காரி என்றால் இளக்காரமா என்று கேட்டேன். எழுதும்போது கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. பேசும்போது தெரியவில்லை.

அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “அம்மணி, கோவிச்சுக்காதீங்க. பார்சல் கட்டறதுக்கு முன்னாடி நாடா வச்சு போட்டோ எடுத்துத்தானுங்க அனுப்புவேன். இப்ப அனுப்பறன், பாருங்க,” என்றார்.

படம் வந்தது. தைத்த பெல்ட், பக்கத்தில் மஞ்சள் நாடா. முப்பத்தாறு.

அவர் நாடா தப்பாக இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பெல்ட்டைப் பார்சல் கட்டினேன். அனுப்பவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலை 7.10. சீருடை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் கேட்காமலே வந்து, சட்டைப் பையிலிருந்து அலுவலக இரும்பு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். தட்டிவிட்டேன். மறுபடி சுற்றினார்.

“முப்பத்தொண்ணரை.”

“சரியா பிடிங்க.”

“பிடிச்சிட்டுதான் சொல்லுதேன். நீயே பாரு.”

“நாடா பழசு.”

“இரும்புட்டி. தோலுதான் நீளும், இரும்பும் நீளுமா?” சிரிக்காமல் சொன்னார். பிறகு, “தீபாவளியிலருந்து பாக்கேன். எனக்கு மூணு தோசை, உனக்கு ஏழு. ஆனா நீதான் கரையுத. உன் துணி காயப்போடும்போது கொடில யாரோட துணின்னே தெரியல,” என்றார்.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா கேக்குத ஆளா நீ?”

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஹெல்மெட்டை மறந்து திரும்பி வந்தபோது, அவர் என் பழைய தோல் பெல்ட்டின் ஆறாவது ஓட்டையில் சுண்டுவிரலை விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 22, சனி

டாக்டர் மெகருன்னிசாவிடம் போனேன். இவர் வண்டியை ஓட்டியதால் போனேன்.

அந்த அம்மாள் அதிகம் கேட்கவில்லை. நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. படியேறி வந்தேன் என்றேன். கிளினிக் தரைத்தளத்தில் இருக்கிறது என்றார்.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து வலது கைப் புறங்கை மேல் படுக்க வைத்தார். தாள் ஆடியது. ஓரம் படபடவென்று அடித்தது.

“ஃபேன் ஓடுது டாக்டர்,” என்றேன்.

அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். இறக்கைகள் நிற்கும் வரை மூவரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தாளைப் பார்த்தோம்.

தாள் ஆடிக்கொண்டிருந்தது.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு. தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது. தின்பதையெல்லாம் எரித்துவிடுகிறது. வேர்வை, படபடப்பு, இளைப்பு, கை நடுக்கம் எல்லாம் அதனால்தான். குணப்படுத்தக்கூடியது. டாக்டர் இதை மூன்று முறை சொன்னார்.

இரண்டு மாத்திரை. ஒன்று சுரப்பை அடக்க, அது பிடிக்க ஐந்தாறு வாரம் ஆகும். இன்னொன்று அதுவரை இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்க. இது இரண்டு மூன்று நாளிலேயே தெரியும் என்றார்.

இரண்டாவதின் பெயரைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சுடுதளச் சுவரில் ஒட்டியிருக்கும் தடைமருந்துப் பட்டியலில் அந்த வகை இருக்கிறது. ஓடுபவனுக்கும் பளு தூக்குபவனுக்கும் அதனால் லாபமில்லை. சுடுபவனுக்குத்தான். கையை அசையாமல் நிறுத்தும் என்பதால் எங்களுக்குத் தடை.

“அப்ப முதல் மாத்திரை மட்டும் போடுதேன்.”

“நூத்திப் பதினெட்டுல உங்க இதயத்தை ஆறு வாரம் நான் விட்டு வைக்க முடியாது. போட்டி எப்போ?”

“அடுத்த சுற்று மார்ச் 17.”

“அடுத்த வருஷம் போட்டி இல்லையா?”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. மண்டலத்துக்கு நாற்பத்து மூன்று வரைதான் எடுப்பார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, புதன்

மாவட்ட அளவில் யாரும் மருந்துச் சோதனை செய்வதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, புது பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய் நிற்கலாம். கை கல் மாதிரி இருக்கும். ஆர்.ஐ. தாமே தம் வரிக்குக் கீழே தேறினாள் என்று எழுதுவார். மண்டலத்துக்கும் போகலாம். ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் அங்கே சுடுவது மாத்திரை. பதினெட்டு வருடம் சுட்டது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் என் ‘காரணம்: பெல்ட்’ நிற்கும். சொன்னால் அவருடைய ‘கை நடுக்கம்’ மெய்யாகும், என்னுடையது பொய்யாகும். மருத்துவச் சான்றை நீட்டினால், நோயாளி என்று நிரந்தரமாகக் கேன்டீனில் உட்கார வைக்கவும் அவரால் முடியும்.

காலை 8 மணிக்கு இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆர்.ஐ. அறை, 10.05. டாக்டர் சான்றையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். மார்ச் 17 சுற்றிலிருந்து விலகுகிறேன். காரணம் மருந்து. மருந்தின் பெயரையும் எழுதியிருந்தேன். மறுதேர்வை ஏப்ரல் 4 அன்றே வைக்க வேண்டும்.

அவர் இரண்டையும் இரண்டு முறை படித்தார். ஜெயித்தவர் முகம் இல்லை அது. கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் அன்னைக்கே நெனச்சேன். ஏம்மா, நீ வேற எங்கயாவது கொஞ்ச நாள் இருந்துக்க. ஸ்டோர்ல சுகமா இருக்கலாம். டீம்லயும் இல்ல, அப்புறம் உனக்கு மறுதேர்வு எதுக்கு?”

“அந்த வரிக்கு சார்.”

“எந்த வரி?”

“பாதுகாப்பற்ற கையாளுகைன்னு எழுதுனீங்கல்லா, அதுக்கு. கை நடுங்குச்சு, ஒத்துக்கிடுதேன். பெல்ட்டு ஏறுச்சு, அதையும் நீங்க ஒத்துக்கிடணும். நான் பாதுகாப்பு இல்லாதவ கிடையாது.”

“ஒத்துக்கலன்னா?”

“அப்ப ஏப்ரல் 4 பாப்போம்.”

“தேறலன்னா ஸ்டோருக்கு நானே கொண்டுபோய் விடுவேன். அழக் கூடாது.”

“போறதுன்னா சாவியையும் சேத்துக் குடுங்க. அங்க எண்ணெய் குறையுதுன்னு ஒரு வருஷமா கேள்விப்படுதேன்.”

எழுத்தர் இந்த முறை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மார்ச் 1, சனி

நாச்சிமுத்துவிடம் பேசினேன். தப்பு என்னுடையது, அளக்காமல் சொன்னேன் என்றேன். முப்பத்தொன்றரை, இரும்பு நாடாவால் அளந்தது.

“அஞ்சு அங்குலம் குறைஞ்சு போச்சுங்களா? உடம்பு கிடம்பு…”

“மருந்து சாப்பிடுதேன். இனி கூடும்னு டாக்டர் சொல்லுதாங்க.”

“எவ்வளவு கூடும்னு சொன்னாங்களா?”

ஒரு பெல்ட்காரரால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி. தெரியாது என்றேன். வெளிபெல்ட்டை முப்பத்து மூன்றுக்கு வெட்டித் தைப்பதாகவும், உள்பெல்ட் அப்படியே இருக்கட்டும், அதில் ஒட்டும் பகுதி நீளம் என்பதால் எவ்வளவும் சுருங்கும் என்றும் சொன்னார். “முப்பத்தி நாலுக்கு மேல போனா மறுபடியும் அனுப்புங்க. நீங்க தேர்ற வரைக்கும் எத்தனை தடவைன்னாலும் தச்சுத் தர்றனுங்க. ஆனா திட்டாம அனுப்போணும்.”

மார்ச் 10, திங்கள்

பெல்ட் வந்தது. ஒட்டியது. மரத் துப்பாக்கியோடு இருபது தடவை. பெல்ட் ஏறவில்லை.

நாடி 88. இது மாத்திரையின் நாடி, என்னுடையது அல்ல.

மார்ச் 17, திங்கள்

இன்று இரண்டாம் சுற்று. அணியில் என் இடத்துக்கு வேறு ஆள். எனக்கு வாயில் காவல், லத்தியோடு. சுடுதளத்துச் சத்தம் வாயில் வரை கேட்கும். எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன். ஐம்பத்து நான்கு குண்டு.

வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. மூன்று தோசை போதும் என்றேன். இவர் நான்காவதைச் சுட்டு வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று தட்டை நகர்த்தினேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்காவதை அவரே தின்றார்.

மார்ச் 22, சனி

டாக்டரிடம் போனேன். சுரப்பு அடங்கி வருகிறது. இரண்டாவது மாத்திரையைப் பாதியாக்கி, 28இலிருந்து நிறுத்தச் சொன்னார். ‘ஆயுதப் பணிக்குத் தகுதி’ என்று சான்று கேட்டேன். 2ஆம் தேதி பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றார். கறாரானவர். எனக்குப் பிடிக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாவது மாத்திரையை நிறுத்தி இரண்டு நாள். புறங்கையில் தாளை வைத்துப் பார்த்தேன், ஃபேனை நிறுத்திவிட்டு. ஓரம் லேசாக அசைகிறது.

லேசாக.

ஏப்ரல் 2, புதன்

நாடி 80. டாக்டரும் தாள் வைத்துப் பார்த்தார். சான்று கையில் வந்தது. இடுப்பு முப்பத்து மூன்று. அளந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

7.30 சுடுதளம். ஆர்.ஐ., லூர்துராஜ் ஏட்டு, எழுத்தர், நான்.

சுடுவதற்கு முன் ஒன்று காட்ட வேண்டும் என்றேன். காலித் துப்பாக்கி, ஏட்டு இரண்டு முறை சோதித்துக் கொடுத்தது. முதலில் பழைய தோல் பெல்ட். இடுப்புக்குச் சரியாக நேற்று புதிதாக ஓட்டை போட்டிருந்தேன், தளர்வு என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக. அதில் உறையை மாட்டி, விசில் ஊதச் சொல்லி உருவினேன். பெல்ட் நாலு விரல்கடை ஏறியது. மறுபடியும் ஏறியது. மூன்றாம் முறையும்.

“கையைப் பாருங்க சார். கை எங்கயாவது ஆடுதா?”

ஆர்.ஐ. கையைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார்.

இரண்டடுக்கைக் கட்டினேன். உள்ளே மெத்து, வெளியே முரடு, உள்ளங்கையால் சுற்றி அழுத்தினேன். விசில். உறை இருந்த இடத்திலேயே இருந்தது. துப்பாக்கி மட்டும் வந்தது.

பிறகு குண்டோடு. பதினைந்து கெஜம், ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று. பதினைந்தில் பதினான்கு உள்வட்டத்தில். ஒன்று வெளியே, இடது மேல் மூலையில். மூன்றாம் சுற்றின் இரண்டாம் குண்டு. அப்போது கை ஆடியது, எனக்குத் தெரிந்தது. தேர்வுக்குப் பன்னிரண்டு போதும். அந்த ஒன்றையும் எழுதி வைக்கிறேன்.

பதிவேடு வந்தது. ஆர்.ஐ. எழுதினார்: ‘மறுதேர்வில் தேறினார். பாதுகாப்பான கையாளுகை. ஆயுதம் வழங்கலாம்.’ பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து இன்னொரு வரி எழுதினார்: ‘வழங்கப்பட்ட பெல்ட்டில் உறை மேலேறுவது நேரில் காணப்பட்டது.’

நான் பேனாவை வாங்கி, பிப்ரவரி 3 பக்கத்தைத் திருப்பினேன்.

“அதை விட்ரும்மா. இப்பத்தான் நானே பெல்ட்டுன்னு எழுதிட்டனே. யாரு அங்க போய்ப் பாக்கப்போறா?”

“நான் பாப்பேன் சார்.”

‘காரணம்: பெல்ட்’ மேல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில்: ‘காரணம்: பெல்ட்டும் கையும்.’ ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி.

லூர்துராஜ் ஏட்டு என் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார். “எட்டு இட்லியாம்மா இன்னைக்கும்?”

“நாலு.”

“நாலுதானா!”

வெளிபெல்ட்டைக் கர்ரென்று உரித்து மேசையில் வைத்தேன். ஆர்.ஐ. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் தேய்த்தார். ஏட்டும் எழுத்தரும் வெளியே போகும் வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“இந்தத் திருப்பூர்க்காரர் நம்பர் இருக்காம்மா?”

“இருக்கு சார். அளவு கேப்பாரு.”

“முப்பத்தெட்டு. ஸ்டோர் அட்டைலயே இருக்கு.”

என் கணவரின் இரும்பு நாடா ஒன்றரை மாதமாக என் கைப்பையில்தான் கிடக்கிறது. எடுத்து மேசையில் வைத்தேன்.

“அட்டையைச் சொல்லக் கூடாது சார். அளந்து சொல்லணும். வளையத்து மேல.”

அவர் நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எழுந்து நின்று கைகளைத் தூக்கினார்.

நாற்பத்தொன்றரை.